ரெயில் வைத்து ப்ளைவுட் அறுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைடு ரெயில் என்பது வட்ட ரம்ப மெஷின் நேராக ஓடுவதற்கு ஷீட்டின் மேல் வைக்கும் நீளப் பட்டை. அது உறுதியாகத் தருவது ஒன்றைத்தான்: நேர்க்கோடு. மூலை 90 டிகிரி இருக்கிறதா, அளவு சரியா, ஓரம் பிசிறில்லாமல் வருமா என்பதெல்லாம் மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே முடிவாகிவிடும். நல்ல ரெயில் இருந்தும் கப்போர்டு கதவு கோணலாக நிற்பது இதனால்தான்.

முதலில் தாங்குதல். 18 மி.மீ. கனமுள்ள எட்டுக்கு நாலு ஷீட் (2440 × 1220 மி.மீ.) 35 கிலோவை ஒட்டி வரும். இரண்டு ஓரத்திலும் ஸ்டாண்டு வைத்து நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்க ஷீட் நடுவில் தொய்யும். வெட்டு வாய் மேலே இறுகி பிளேடைக் கவ்வும். மெஷின் பின்னால் எகிறி உங்கள் மேலேயே வரும். பட்டறையில் நடக்கும் மோசமான காயங்கள் பல இப்படி வருபவை. வெட்டுக்கோட்டின் இருபுறமும் அடியில் இரண்டிரண்டு ரீப்பர் (மரச்சட்டம்) போட்டால், அறுத்து முடித்த பிறகும் இரண்டு துண்டும் அதனதன் இடத்தில் அசையாமல் கிடக்கும். மேசை முழுக்க இரண்டு இஞ்ச் தெர்மாகோல் விரித்து அதன்மேல் அறுப்பது இன்னும் சுலபம். பிளேடு ஷீட்டுக்குக் கீழே 3 முதல் 5 மி.மீ. இறங்கினால் போதும். மெஷினில் உள்ள ஆழ அளவுகோல் ரெயிலின் கனத்தைச் சேர்த்துக் காட்டுகிறதா என்று ஒரு கழிவுத் துண்டில் பார்த்துவிடுங்கள். சில மெஷின்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் நாம்தான் கூட்ட வேண்டும்.

அடுத்தது, கம்பெனி ஓரத்தை அப்படியே நம்புவது. ப்ளைவுட் ஆலைகள் நிறைந்த கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்து வாளையார் வழியாக லோடு வந்தாலும், வேறு எங்கிருந்து வந்தாலும், குறுக்கு அளவு பார்க்காமல் எந்த ஷீட்டிலும் கை வைக்காதீர்கள். 2440 × 1220 சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 2728 மி.மீ. வரும். இரண்டும் வேறுபட்டால் நீள ஓரத்தில் 10 மி.மீ. சீவி எடுத்து, அந்தப் புது ஓரத்திலிருந்து மற்றதை அளக்க வேண்டும். சின்ன மூலைமட்டத்தை (90 டிகிரி பார்க்கும் கருவி) வைத்து நாலடிக்குக் கோடு இழுப்பதும் இதே வகைத் தவறு; மட்டத்தில் தெரியாத அரை மி.மீ. கோடு நீள நீளப் பெருகிவிடும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 900, மறுபக்கம் 1200 மி.மீ. குறித்து, இரண்டு குறிக்கும் இடையே 1500 வருகிறதா என்று முக்கோணம் அளந்து பார்ப்பதே நம்பகமானது.

மேசையில் ரெயிலும் ஸ்டாப்பும் (துண்டை ஒட்டி நிறுத்தும் தடுப்பு) நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் ஐந்து வெட்டுச் சோதனை செய்யலாம். ஒரு சதுரத் துண்டின் நான்கு ஓரத்தையும் வரிசையாக அறுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டிய ஓரமே ஸ்டாப்பில் ஒட்ட வேண்டும். பிறகு முதல் ஓரத்தை மறுபடி சீவினால் ஒரு பட்டை கிடைக்கும். அதன் இரு முனை அகலமும் 2 மி.மீ. வித்தியாசப்பட்டால், அதை நாலால் வகுக்க வேண்டும்: பட்டையின் நீளத்துக்கு உண்மையான பிழை அரை மி.மீ. ஸ்டாப்பில் ஒட்டிய மரத்தூள் ஒன்றே இத்தனையும் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஊதித் துடையுங்கள்.

பிளேடு தின்னும் மரத்தை மறப்பது அனுபவசாலிகளுக்கும் நேரும். 1220-ஐ இரண்டாக்கினால் 610 வராது. 2.2 மி.மீ. பிளேடென்றால் ஒவ்வொன்றும் 608.9 தான். ரெயில் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்க வேண்டும், பிளேடு கழிவுப் பக்கம் ஓட வேண்டும்.

பிசிறு ஏன் வருகிறது? கையில் பிடிக்கும் வட்ட ரம்ப மெஷினில் பல் கீழிருந்து மேலே ஏறும்; மேல் முகம்தான் பெயரும். ரெயிலின் ரப்பர் பட்டை தன் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு துண்டும் வேண்டுமென்றால் முதலில் 2 மி.மீ. ஆழத்தில் கீறிவிட்டு, பிறகு முழு ஆழத்தில் அறுங்கள். மேல் முகத்தின் ரேகைக்குக் குறுக்கே அறுக்கும்போது இது அவசியம். வேறு கனத்தில் பிளேடு மாற்றினால் ரப்பர் ஓரம் வெட்டுக்கோட்டைக் காட்டாது. பட்டையைப் புதிதாக ஒட்டி, அதே பிளேடால் சீவ வேண்டும்.

ரெயில் வாங்காமல் அலுமினிய செக்‌ஷனும் கிளாம்பும் வைத்து மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு அறுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கட்டர் மிக வேகமாகச் சுற்றும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே கூடாது. அடித்தட்டு ஓரத்துக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தைப் பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக அளங்கள்.

எட்டடி நீளத்துக்கு இரண்டு 1400 மி.மீ. ரெயிலை இணைக்கும்போது, இரண்டின் முனையையும் இடித்து முடுக்காமல், பக்கவாட்டில் ஒரு நேர்ச்சட்டம் வைத்து முடுக்குங்கள். கடைசியாக, வயரும் தூசிக் குழாயும் ரெயிலின் முனையில் சிக்கினால் மெஷின் நகராமல் ஒரு நொடி நிற்கும். அந்த இடத்தில் ஓரம் கருகி ஒரு படி விழும். அறுக்கும் முன் மெஷினை ஆன் செய்யாமல் ஒருமுறை முனையிலிருந்து முனைவரை தள்ளிப் பாருங்கள்.