இசட்/விஎம்மில் லினக்ஸ் நிறுவும் முன் முகவரித் தாளை வாங்குங்கள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் ஓடுவதும் நமக்குப் பழகிய லினக்ஸ்தான். பிசி சர்வர் அட்மின்களைத் திணறடிப்பது அதைச் சுற்றியிருக்கும் இசட்/விஎம், அதாவது ஒரே மெயின்ஃபிரேமைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தரும் ஐபிஎம் மென்பொருள். வன்பொருளைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியை இங்கே நம்ப முடியாது. எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் சாதனம் என்று எண் போட்டுச் சொல்ல வேண்டும். அதனால் விஎம் நிர்வாகியிடமிருந்து இவற்றை முதலில் எழுதி வாங்குங்கள்: டிஸ்க் எண் (0.0.0200 போல), நெட்வொர்க்குக்கான மூன்று அடுத்தடுத்த எண்கள் (0.0.0600, 0601, 0602, முதலாவது இரட்டைப்படை), ஐபி, கேட்வே, டிஎன்எஸ், விஸ்விட்ச் (விஎம்முக்குள் இருக்கும் மெய்நிகர் நெட்வொர்க் சுவிட்ச்) லேயர் 2-ஆ (மேக் முகவரிப்படி) 3-ஆ (ஐபி முகவரிப்படி) என்பது. கடைசியைப் பலர் கேட்க மறக்கிறார்கள். லேயர் பொருந்தாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், பிங் மட்டும் போகாது.

லினக்ஸ் நிறுவியின் கர்னல், பாராமீட்டர் கோப்பு (கர்னலுக்குத் தரும் அமைப்புகள்), இனிட்ஆர்டி (பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஆகிய மூன்றையும் எஃப்டிபியில் சிஎம்எஸ் (விஎம்மில் ஓடும் சிறு இயங்குதளம்) டிஸ்குக்கு அனுப்புங்கள். கர்னலும் இனிட்ஆர்டியும் பைனரியாக, 80 பைட் நிலையான ரெக்கார்டாகப் போக வேண்டும்; பாராமீட்டர் கோப்பு டெக்ஸ்டாக. ஏன் 80? அடுத்த படியில் இவை மெய்நிகர் கார்டு பஞ்ச் (பழைய துளை அட்டை இயந்திரத்தின் மென்பொருள் வடிவம்) வழியே, அந்தக் கார்டுகளைப் படிக்கும் மெய்நிகர் ரீடருக்குள் போகின்றன. ஒரு கார்டுக்கு 80 எழுத்து. பாராமீட்டர் கோப்பின் வரிகளும் அந்த அளவைத் தாண்டக்கூடாது.

ரீடரில் பழைய கோப்புகள் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன அதே வரிசையில் மூன்றையும் பஞ்ச் செய்யுங்கள், ‘நோஹெடர்’ விருப்பத்தோடு. அதை விட்டால் தலைப்புக் கார்டு முன்னால் ஒட்டிக்கொள்ளும், பூட் ஆகாது. ரீடர் கோப்புகளை ‘கீப்’ என்று குறித்துவிட்டு 00சி-யிலிருந்து (ரீடரின் சாதன எண்) ஐபிஎல், அதாவது பூட், செய்யுங்கள். குறிக்காவிட்டால் ஒருமுறை படித்ததும் அவை போய்விடும். மறுமுயற்சிக்கு எல்லாவற்றையும் திரும்பப் பஞ்ச் செய்ய நேரும்.

மெயின்ஃபிரேமின் பழைய பாணி முனையமான 3270 கன்சோல்தான் உண்மையான சோதனை. என்டர் தட்டினால்தான் வரி போகும், விஐ எடிட்டர் ஓடாது, கன்ட்ரோல்-சி கொடுக்க ‘^சி’ என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். திரையின் மூலையில் ‘ஹோல்டிங்’ என்று நின்றால் கிளியர் விசையை அழுத்துங்கள், இல்லையேல் லினக்ஸே காத்துக் கிடக்கலாம். # குறியை சிபி (விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல்) வரி முடிவாக எடுத்துக்கொள்ளும், ஆகவே இங்கே தட்டும் கடவுச்சொல்லில் அது வேண்டாம். நெட்வொர்க் எழுந்ததும் எஸ்எஸ்எச்சுக்குத் தாவிவிடுங்கள். கன்சோலை விட்டு வெளியேற டிஸ்கனெக்ட் மட்டும். லாக்ஆஃப் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் மின்சாரம் பிடுங்கியதுபோல் நின்றுவிடும்.

டாஸ்டி எனப்படும் மெயின்ஃபிரேம் டிஸ்கை 4096 பைட் பிளாக்கில் ஃபார்மட் செய்ய வேண்டும். வழக்கமான சிடிஎல் என்ற டிஸ்க் அமைப்பில் மூன்று பார்ட்டிஷன்தான். 3390 மாடல் 9 என்ற டாஸ்டி வகையில் 10,017 சிலிண்டர், சுமார் 7 ஜிபி. பெரிய ரூட் கோப்பு முறைமை வேண்டுமென்றால் எல்விஎம்மில் (பல டிஸ்குகளை ஒன்றாகக் காட்டும் லினக்ஸ் வசதி) பல டிஸ்குகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஃபார்மட் கட்டளைக்கு முன் எண்ணை இருமுறை சரிபாருங்கள், அழிந்தது திரும்பாது.

பின்னாளில் டிஸ்க் சேர்க்கும்போதுதான் பெரிய பொறி. சிஎச்சிசிடபிள்யூ-டெவ் கட்டளை டிஸ்கை ஆன்லைனுக்குக் கொண்டுவரும், ஆனால் ரீபூட் வரைதான். நிலைத்திருக்க சிஎச்இசட்-டெவ் பயன்படுத்துங்கள். விஎம் பக்கத்திலும் டைரக்டரியில் (விஎம்மின் பயனர் பதிவேடு) அந்த டிஸ்க் இருக்க வேண்டும்; தற்காலிகமாக லிங்க் செய்தது அடுத்த லாக்ஆனில் காணாமல் போகும். புதிய டிஸ்க் ரூட் எல்விஎம்மில் சேர்ந்ததென்றால் இனிட்ஆர்டியையும் மறுபடி உருவாக்கி, ரெட்ஹேட் வகையில் இசட்ஐபிஎல் என்ற பூட் கட்டளையையும் ஓட்டுங்கள். கர்னலும் இனிட்ஆர்டியும் டிஸ்கில் எந்த பிளாக்குகளில் இருக்கின்றன என்று இந்தக் கட்டளைதான் பூட் பகுதியில் எழுதி வைக்கிறது. ஓட்டாவிட்டால் ஐபிஎல் பழைய இனிட்ஆர்டியையே ஏற்றும், அதற்குப் புதிய டிஸ்க் தெரியாது, ரூட் கிடைக்காமல் அவசர ஷெல்லில் நிற்கும். சூஸேயில் இடையில் கிரப்2 என்ற பூட் லோடர் இருப்பதால் கட்டளை வேறு. எதுவானாலும் மாற்றம் செய்த அன்றே, பராமரிப்பு நேரத்துக்குள், ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.