வறட்டு இருமலுக்கு அதிமதுரப் பால் கஷாயம்

இருமல் என்றதும் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது சுக்கும் மிளகும்தான். சளி கட்டிய இருமலுக்கு அது சரி. ஒரு பொட்டுச் சளிகூட வராமல், தொண்டை கரகரவென்று அரித்து, தலையணையில் தலை வைத்ததும் தொடங்குமே, அந்த வறட்டு இருமலுக்கும் அதையே காரமாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு, ஒருநாள் விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆயுர்வேதம் இருமலுக்கு வைத்த பெயர் காசம். அதை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். வறட்டு இருமல் வாதத்தின் கணக்கில் வரும். வாதம் என்றாலே வறட்சி. காய்ந்த தொண்டைக்கு வேண்டியது நெய்ப்பும் இனிப்பும் இளஞ்சூடும். மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் பால் கஷாயம்.

கணக்கு எளிது: மருந்து 1 பங்கு, பால் 8, தண்ணீர் 32. ஒருவருக்கு அதிமதுரம் 5 கிராம், பால் 40 மில்லி, தண்ணீர் 160 மில்லி.

1. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் குச்சியாகக் கேளுங்கள். உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கும். மென்றால் இனிப்பு நாக்கிலேயே நிற்கும். கழுவி, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். நைஸாக அரைத்தால் வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

2. சின்னப் பாத்திரத்தில் முதலில் பாலை மட்டும் ஊற்றுங்கள். சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றை நேராக நிறுத்தி, பால் நனைத்த இடத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். அகலப் பாத்திரத்தில் இந்த வேலை பலிக்காது.

3. தண்ணீரையும் அதிமதுரத்தையும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். பொங்கும், அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நின்று கிளறுங்கள். தண்ணீர் வற்றி, குச்சியில் கீறிய மட்டத்துக்கு வந்ததும் இறக்கிவிடலாம்.

4. வடிகட்டி, கொஞ்சம் பனங்கற்கண்டும் கால் ஸ்பூன் நெய்யும் கலந்து, படுக்கப் போகும் முன் வாய் பொறுக்கும் சூட்டில் மெல்ல விழுங்குங்கள். மூன்று நான்கு மடக்குதான் வரும். தேன் வேண்டாம், சூடான எதிலும் தேன் கலக்கக் கூடாது என்பது ஆயுர்வேத விதி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது, அது நவீன மருத்துவமும் சொல்வது.

மூன்று நாள் குடித்துப் பாருங்கள், ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரலாம். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். நெஞ்செரிச்சலோடு வரும் இருமலுக்கும் கஷாயம் பதில் அல்ல. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், போய் டிபி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், விரல் நக அளவு அதிமதுரத் துண்டைக் கடைவாயில் அடக்கி, ஊறுகிற சாற்றை விழுங்கினாலே அரிப்பு அடங்கும். இரவு பஸ் பயணத்துக்கு நான் கையில் வைத்துக்கொள்வது அதைத்தான்.