புடிச்ச பேண்டோட வேரைப் புடிச்சுப் போய் புதுப் பாட்டு தேடறது எப்படி

ஒரே பேண்டை வருஷக்கணக்கா கேட்டாச்சு, எல்லாப் பாட்டும் மனப்பாடம், அடுத்து என்ன கேக்கறதுன்னே தெரியலன்னு சொல்றவங்களுக்காக இது. ஆப் தானா போட்டுத் தர்ற ரேடியோவை நம்பினா அதே மாதிரி சத்தம் போடற இன்னும் பத்து பேரைத்தான் காட்டும், ஏன்னா இதைக் கேட்டவங்க அதையும் கேட்டாங்கங்கற கணக்குலதான் அது முக்கால்வாசி ஓடுது. ஆனா உங்க பேண்டு பசங்க சின்ன வயசுல எதைக் கேட்டு பைத்தியம் புடிச்சு கிட்டார் வாங்கினாங்களோ, அது பெரும்பாலும் இவங்க மாதிரியே இருக்காது. அதனாலதான் ஆப் அதைக் காட்டறதில்ல, நாமதான் தேடிப் போகணும்.

மொத வேலை, அவங்க பாடினதுல எதெல்லாம் அவங்க பாட்டே இல்லன்னு கண்டுபுடிக்கறது. ஸ்பாட்டிஃபைல பாட்டு பக்கத்துல இருக்கற மூணு புள்ளியைத் தொட்டா கிரெடிட்ஸ் வரும், எழுதினவங்க பேர்ல பேண்டு ஆளுங்க யாருமே இல்லாம வேற பேர் இருந்தா நூலு கையில சிக்கிடுச்சுன்னு அர்த்தம். டிரெடிஷனல்னு போட்டிருந்தா இன்னும் விசேஷம், யாரு கட்டினதுன்னே தெரியாத பாட்டு, பின்னாடி பெரிய கதை இருக்கும். செகண்ட்ஹேண்ட்சாங்ஸ்னு ஒரு சைட் கவர் பாட்டுக்குன்னே, அதாவது அடுத்தவங்க பாட்டை எடுத்துப் பாடறதுக்குன்னே இருக்கு, மொதல்ல யாரு பாடினா அப்புறம் யாரு யாரு எடுத்தாங்கன்னு வருஷத்தோட கிடைக்கும். செட்லிஸ்ட் டாட் எஃப்எம்ல கச்சேரி வாரியா என்ன பாடினாங்கன்னு லிஸ்ட் இருக்கும், கவர்னா யாரோடதுன்னு அங்கயே போட்டிருப்பாங்க, ஆல்பத்துல வராத கவரெல்லாம் இங்கதான் மாட்டும்.

நிர்வானாங்கற அமெரிக்க ராக் பேண்டை எடுத்துக்கோங்க, இந்த வேலையைப் பழகிக்க அதைவிட நல்ல இடம் இல்ல. 1993 நவம்பர்ல நியூயார்க்ல எம்டிவிக்காக வாசிச்ச அன்பிளக்ட் கச்சேரி ஆல்பத்துல மொத்தம் 14 பாட்டு, அதுல 6 அடுத்தவங்களோடது. ஒண்ணு டேவிட் போவியோட 1970 பாட்டு, நிறைய பேர் அதை நிர்வானா பாடகர் கர்ட் கோபேன் எழுதினதுன்னே நெனச்சுட்டு இருக்காங்க. ஒண்ணு வேஸலின்ஸ்னு ஸ்காட்லாந்து ஆளுங்களோடது. மூணு பாட்டு மீட் பப்பெட்ஸோட 1984 ஆல்பத்துலேருந்து, அதுக்கு அந்த பேண்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கோபேன் மேடைக்கே கூப்ட்டு உக்கார வச்சு வாசிக்கச் சொன்னார். கடைசிப் பாட்டு லெட் பெல்லியோட ரெக்கார்டைக் கேட்டுக் கத்துக்கிட்டது, அவர் பன்னெண்டு கம்பி கிட்டார்காரர், 1933ல லூசியானா அங்கோலா ஜெயில்ல கைதியா இருந்தப்ப ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் நாட்டுப் பாட்டு சேகரிக்கப் போய் பதிவு பண்ணிட்டு வந்த ஆளு. பாட்டு அவருக்கும் முந்தினது, அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப் பக்கத்துப் பழம்பாட்டு. ஒரே ஒரு மணி நேரக் கச்சேரி, அதுலயே நாலு வழி தொறக்குது பாருங்க.

இப்ப கேக்கற விஷயம், இதுலதான் நெறைய பேர் சொதப்பறாங்க. ஒரிஜினலைத் தேடிப் புடிச்சு ஒரு தடவ போட்டுட்டு அட நம்மாளு பாடினதுதான் நல்லாருக்குன்னு மூடி வச்சிடறாங்க. காது கவருக்குப் பழகிடுச்சு, அதனால ஒரிஜினல் மொதத் தடவ தோத்துதான் போகும், அதை வச்சு தீர்ப்பு எழுதாதீங்க. அந்தப் பாட்டை ஓரம் கட்டிட்டு அது இருக்கற ஆல்பத்தை முழுசா போடுங்க, ஒப்பிட்டுப் பாக்க எதுவும் இல்லாத மத்த பாட்டுங்கதான் அந்த ஆளை உங்களுக்கு அறிமுகம் பண்ணும். அப்புறம் எங்க கேக்கறீங்கங்கறதும் இருக்கு. கடலூர் பாண்டி பிரைவேட் பஸ்ல ஏறி உக்காந்து லெட் பெல்லி கேக்கணும்னு நெனச்சா வேலைக்காகாது, டிரைவர் போடற பாட்டும் ஏர் ஹாரனும் சேந்து அந்தப் பழைய ரெக்கார்டிங்க முழுங்கிடும். பஸ்ல மெட்டல் கேளுங்க, கொரகொரப்பு சத்தம் இருக்கற பழசையெல்லாம் ராத்திரி வீட்டுல ஃபேன் சத்தத்தோட வச்சுக்கோங்க.

மெட்டாலிகாங்கற மெட்டல் பேண்டோட ஃபேன்ஸுக்கு இந்த வேலை ரொம்ப ஈஸி, ஏன்னா அவங்களே லிஸ்ட் போட்டுக் கொடுத்துட்டாங்க. 1998ல வந்த கராஜ் இங்க், ரெண்டு டிஸ்க், முழுக்க முழுக்க கவர். மிஸ்ஃபிட்ஸ், டிஸ்சார்ஜ், பட்ஜி, கில்லிங் ஜோக், நிக் கேவ், பாப் சீகர்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆளுங்க. அதுல விஸ்கி இன் தி ஜார் பாட்டைத் தொட்டா தின் லிஸிங்கற அயர்லாந்து ராக் பேண்டு வருவாங்க, 1972, அதுக்கும் பின்னாடி போனா டப்ளினர்ஸ்ங்கற நாட்டுப் பாட்டு குரூப், அதுக்கும் பின்னாடி அயர்லாந்து நாட்டுப் பாட்டு, வழிப்பறிக்காரன் ஒருத்தன் கொள்ளையடிச்சுட்டு வந்தா காதலியே போட்டுக் கொடுத்துடற கதை, நம்ம ஊர் கூத்துல வச்சாலும் பொருந்தும்.

ஆனா எனக்குப் புடிச்ச நூல் டைமண்ட் ஹெட்ங்கற இங்கிலாந்து மெட்டல் பேண்டு வழியா போறது. மெட்டாலிகா ட்ரம்மர் லார்ஸ் 1981ல 17 வயசுல இங்கிலாந்துக்குப் போய் டைமண்ட் ஹெட் கச்சேரியைப் பாத்துட்டு அவங்க வீட்டுலயே தங்கிட்டு வந்தவர், அந்த அளவுக்கு வெறி. அவங்க ஆம் ஐ ஈவில் பாட்டைத்தான் மெட்டாலிகா 1984ல கவர் பண்ணாங்க. அந்தப் பாட்டோட ஆரம்பத்துல டம் டம்னு வர்றது எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா குஸ்டாவ் ஹோல்ஸ்ட், இங்கிலீஷ் கம்போஸர், 1914லேருந்து 1916 வரைக்கும் எழுதின பிளானட்ஸ்ங்கற ஆர்கெஸ்ட்ரா இசையில செவ்வாய் பகுதி. பிளாக் சபாத்ங்கற மெட்டல் பேண்டோட 1970 மொத ஆல்பத்து மொதப் பாட்டுக்கும் பொறி அங்கேருந்துதான். கேட்டுப் பாருங்க, அஞ்சு அஞ்சா எண்ணற தாளம், கண்டசாபு தெரிஞ்சவங்க தொடையில தட்டிட்டே கேக்கலாம், டிஸ்டார்ஷன் கிட்டார் ஒண்ணுதான் பாக்கி. சரி இந்த ஹோல்ஸ்ட் வேற என்ன பண்ணாருன்னு இன்னும் ஒரு படி போனா, மனுஷன் லண்டன்ல சமஸ்கிருதம் படிச்சு ரிக் வேதப் பாட்டெல்லாம் தானே இங்கிலீஷ்ல மாத்தி இசை போட்டிருக்கார், சாவித்ரின்னு ஒரு குட்டி ஆபரா வேற, சாவித்ரி, சத்தியவான், எமன், மூணே பேர், அரை மணி நேரம். அதே சத்தியவான் சாவித்திரியை நம்ம சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமா எழுதினார், அவர் 1922ல புதுச்சேரியிலதான் காலமானார், நினைவிடம் கருவடிக்குப்பத்துல இருக்கு. ரெண்டுக்கும் தொடர்பு ஒண்ணும் கிடையாது, ஆனா மெட்டாலிகா மாதிரி த்ராஷ் மெட்டல்ல கிளம்பின ஆளு கருவடிக்குப்பம் வந்து நிக்கறான்னா இந்த விளையாட்டை எப்படி விடறது சொல்லுங்க. ஹோல்ஸ்டோட அரை மணி நேரத்தையும் பழைய நாடகப் பாட்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க.

கவரே பண்ணாத பேண்டுன்னா வேற தடயம் பாக்கணும். பேட்டிகள் ஒண்ணு, நிர்வானாவோட டீன் ஸ்பிரிட் பாட்டை எழுதறப்ப பிக்ஸிஸைக் காப்பியடிக்கத்தான் பாத்தேன்னு கோபேனே பேட்டியில சொல்லியிருக்கார், ஒரே வரியில ஒரு பேண்டு கிடைச்சாச்சு. டி-ஷர்ட் இன்னொண்ணு, பழைய போட்டோவுல மெட்டாலிகா பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன் மிஸ்ஃபிட்ஸ் டி-ஷர்ட்டோட நிப்பார், அதைப் பாத்து மிஸ்ஃபிட்ஸ் கேக்கப் போனவங்க ஏராளம். பேண்டு பேரும் சொல்லும். ரோலிங் ஸ்டோன்ஸ் பேர் மடி வாட்டர்ஸோட 1950 பாட்டுலேருந்து வந்தது, பிங்க் ஃபிளாய்டு பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்டு கவுன்சில்னு ரெண்டு ப்ளூஸ் பாடகர்கள் பேரை ஒட்ட வச்சது, ரேடியோஹெட் டாக்கிங் ஹெட்ஸ் பாட்டுலேருந்து எடுத்தது. யூட்யூப்ல அமீபாங்கற அமெரிக்க ரெக்கார்டு கடைக்காரங்க போடற வாட்ஸ் இன் மை பேக்னு ஒரு சீரிஸ் இருக்கு, கலைஞர்கள் கடையில அள்ளிட்டு வந்த ரெக்கார்டை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிப் பேசுவாங்க, உங்க ஆளு வந்திருக்காரான்னு பாருங்க.

அப்புறம் கோர்ட் கேஸு. சிரிக்காதீங்க, நெசமாவே நல்ல வழி. லெட் செப்பலின்ங்கற ராக் பேண்டுமேல 1985ல ப்ளூஸ் பாட்டு எழுதற வில்லி டிக்சன் கேஸ் போட்டார், ஹோல் லாட்டா லவ் பாட்டு தன் பாட்டுலேருந்து எடுத்ததுன்னு, வெளியிலயே பேசி முடிச்சாங்க, அதுக்கப்புறம் கிரெடிட்ல அவர் பேர் ஏறுச்சு. டிக்சன் பேரைப் புடிச்சுப் போனா சிகாகோ ப்ளூஸ் மொத்தமும் உங்களுது. செப்பலினோட வென் தி லெவி பிரேக்ஸ் 1929ல மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் பாடினது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பத்தி, மழை இப்படியே பெஞ்சா கரை ஒடையும்ங்கறதுதான் பாட்டு. 2015 வெள்ளத்தைப் பாத்த கடலூர்க்காரங்களுக்கு செப்பலின் ட்ரம்ஸை விட அந்த ரெண்டு கிட்டார் பழைய ரெக்கார்டிங்தான் வயித்தப் பெசையும்.

பின்னாடி போற மாதிரி முன்னாடியும் போலாம், உங்க பேண்டை யாரு கவர் பண்ணியிருக்காங்கன்னு பாக்கறது. அபோகலிப்டிகான்னு ஃபின்லாந்து பசங்க 1996ல மெட்டாலிகாவை நாலு செல்லோவுல வாசிச்சு ஆல்பம் போட்டாங்க. 2021ல பிளாக்லிஸ்ட்டுன்னு 53 பேர் மெட்டாலிகாவோட ஒரே ஆல்பத்தைப் பாடினது வந்துச்சு, ஒரே பாட்டையே பல பேர் பாடியிருக்காங்க, முழுசா கேக்கணும்னு அவசியமில்ல, நல்லா இருக்கறவங்களை மட்டும் பொறுக்கிட்டு அவங்க சொந்தப் பாட்டுக்குப் போங்க.

இதெல்லாம் இங்கிலீஷ் பாட்டுக்குத்தானான்னு கேப்பீங்க. இளையராஜா 1986ல போட்ட ஹவ் டு நேம் இட் ஆல்பத்தை தியாகராஜருக்கும் ஜெர்மன் கம்போஸர் பாக்குக்கும் காணிக்கையா வச்சார், அதுல பாக் வயலினுக்கு எழுதின மூணாவது பார்ட்டிட்டாங்கற இசைத் தொகுப்போட ஆரம்பப் பகுதி அப்படியே வரும், மொதல்ல பாக் கேட்டுட்டு ராஜா என்ன சேத்தார்னு கேளுங்க. இன்னும் பழசு வேணும்னா முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்கார பேண்டு வாசிச்ச மெட்டுக்கெல்லாம் சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டு வச்சிருக்கார், நோட்டுஸ்வரம்னு பேரு, சந்ததம் பாஹிமாம் கேட்டா காட் சேவ் தி கிங் மெட்டு. அந்தக் காலத்துலயே கவர் நடந்திருக்கு.

பாண்டியில இருக்கறவங்களுக்கு இன்னொரு வசதி, வீக்கெண்டுல எங்கயாச்சும் ஒரு ரெஸ்டாரண்டுல யாராச்சும் வாசிச்சுட்டு இருப்பாங்க. பிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்ச ஃபெத் தெ லா மியூசிக் ஜூன் 21 ஒட்டி இங்கயும் நடக்கும், வெள்ளைக்காரத் தெரு பக்கம் ஒரு நடை போனா போதும். பிரேக்ல போய் தம்பி அந்த ரெண்டாவது பாட்டு யாருதுன்னு கேளுங்க, எந்த மியூசிஷியனும் அதுக்குக் கோச்சுக்க மாட்டான், பத்து நிமிஷம் பேசிட்டே இருப்பான். பிரான்ஸ்ல செட்டில் ஆன சொந்தக்காரங்க இருந்தா லீவுக்கு வர்றப்ப அவங்களையும் விடாதீங்க. சினாட்ரா பாடின மை வே எல்லாருக்கும் தெரியும், அது 1967ல க்ளோத் ஃபிரான்சுவா பாடின கொம் தபிட்யூத்துங்கற பிரெஞ்சு பாட்டு, பால் ஆங்கா மெட்டை மட்டும் வச்சுட்டு வேற வரி எழுதினார். பிரெஞ்சுல அது தெனம் ஒரே மாதிரி ஓடற சலிச்சுப் போன காதல், இங்கிலீஷ்ல வாழ்க்கையை ஜெயிச்ச பெருசோட பெருமை. இந்த மாதிரி விஷயமெல்லாம் பிரெஞ்சு தெரிஞ்ச மாமா ஒருத்தர் டீ குடிச்சுட்டே சொன்னாத்தான் ஒறைக்கும்.

ஒரு பேண்டுலேருந்து மூணு படிக்கு மேல ஒரே மூச்சுல போகாதீங்க, பேருங்க குழம்பிடும். போன்ல ஒரு நோட் வச்சு யாருலேருந்து யாருகிட்ட வந்தீங்கன்னு ஒரு வரி, வருஷத்தோட எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு அந்த லிஸ்ட்டுல பாதி உங்களுக்குப் புடிக்காமக்கூட இருக்கலாம், பரவால்ல, புடிக்காததை மரியாதைக்காகக் கேக்க வேண்டியதில்ல. வருஷம் எழுதச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. யூட்யூப்ல ஒரிஜினல்னு தலைப்பு போட்டிருக்கறதுல பாதி ஒரிஜினலே இல்ல. ட்விஸ்ட் அண்ட் ஷவுட் பீட்டில்ஸ் பாட்டுன்னு நெனப்போம், இல்லப்பா ஐஸ்லி பிரதர்ஸ் 1962ன்னு ஒருத்தர் திருத்துவார், அதுக்கும் முந்தி 1961ல டாப் நோட்ஸ்னு ஒரு குரூப் போட்டிருக்கு. அது கொஞ்சம் சுமார்தான்.