ஆன்மிகப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

ஆன்மிகத்தில் ஈடுபட விரும்புபவர்களில் பலர் முதலில் செய்வது, புத்தகங்களை வாங்கி அடுக்குவதும் சொற்பொழிவுகளைக் கேட்டுக்கொண்டே இருப்பதும்தான். மூன்று மாதம் கழிந்தால் அத்வைதம், ஜென், சூஃபி மரபு என எல்லாவற்றைப் பற்றியும் நாலு வார்த்தை பேச வந்துவிடும். பத்து நிமிடம் சும்மா உட்கார மட்டும் வராது. நானும் அப்படித் தொடங்கிக் காலத்தைக் கழித்தவன்தான் என்பதால், படிப்பைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு உட்காருவதிலிருந்தே தொடங்குமாறு சொல்கிறேன்.

அதற்கு முன்பு, ‘எனக்கு இது ஏன் வேண்டும்?’ என்ற கேள்விக்கான விடையை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ‘மன அமைதி வேண்டும்’ என்று பொதுப்படையாக எழுதினால் பயனில்லை. ‘அம்மா இறந்த பிறகு எதிலும் பிடிப்பில்லை’, ‘சிறு விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்’ என்பது போல உங்கள் வாழ்க்கையிலிருந்தே விடை வர வேண்டும். 1896-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ரமணரை உள்நோக்கித் திருப்பியது தத்துவப் படிப்பு அல்ல, திடீரென்று வந்த மரண பயம். உங்களைத் தூண்டுவது அத்தனை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு நாம ஜபம் இயல்பாக வரும்; சூஃபிகள் இறைவனின் பெயரைச் சொல்லி நினைவுகூரும் திக்ரும் கீழைக் கிறிஸ்தவத் துறவிகள் இயேசுவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜெபமும் ஏறத்தாழ இதே வழியைச் சேர்ந்தவை. சொற்களில் மனம் தோய்பவர்கள், பெனடிக்ட் சபைத் துறவிகளைப் போல, மறைநூலின் சில வரிகளை மட்டும் மெதுவாகப் படித்து அசைபோடலாம். நம்பிக்கையைப் பற்றி இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு மூச்சைக் கவனிப்பது போதும். எதை எடுத்தாலும் நாற்பது நாள் மாற்றாதீர்கள். நாற்பதுக்கு நான் மறைபொருள் எதுவும் கற்பிக்கவில்லை. முதல் உற்சாகம் வடிந்து, சலிப்பு வந்து, அதையும் தாண்டிப் பார்க்க அவ்வளவு காலமாவது வேண்டும் என்பதுதான் காரணம்.

மூச்சுப் பயிற்சியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வயிறு நிறைந்திருக்காத வேளையில் உட்காருங்கள். தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி போதும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், ஆனால் விறைத்திருக்கக் கூடாது. கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அதைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மூச்சு வெளியேறும்போது ஒன்று, அடுத்த முறை இரண்டு என்று பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது மூச்சிலேயே நேற்று ஒருவர் சொன்ன சொல் நினைவுக்கு வரும். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனம் வசனம் எழுதத் தொடங்கும். விழித்துப் பார்த்தால் எண்ணிக்கை பதினேழில் இருக்கும். அப்படி விழித்துப் பார்த்த அந்தக் கணமே பயிற்சி. தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடியும் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்துகொள்ளுங்கள். கால் மரத்துப்போனால் தயங்காமல் மாற்றிப் போடுங்கள்.

உட்காருவது மட்டும் போதாது. பதஞ்சலி யோகத்தை எட்டு அங்கங்களாக வகுத்தபோது, பிறருக்குத் தீங்கு செய்யாமை, வாய்மை முதலியவை அடங்கிய இயமத்தை முதலிலும், தூய்மை, மனநிறைவு முதலியவை அடங்கிய நியமத்தை அடுத்தும் வைத்தார். ஆசனம் மூன்றாவது, தியானம் ஏழாவது. காலையில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு மாலையில் கணக்கில் பொய் எழுதுபவருக்கு இந்த வரிசையே போதுமான பதில். எனவே இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய நாளை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்: எங்கே மனம் சுருங்கியது, யாரைப் புண்படுத்தினேன், எதற்கு நன்றி சொல்ல மறந்தேன். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா இப்படிப்பட்ட சுய ஆய்வைத் தம் சபையினரின் அன்றாடக் கடமையாகவே ஆக்கியிருந்தார்.

குருவைத் தேடி இப்போதே அலைய வேண்டாம். பின்னாளில் யாரையேனும் அணுகும்போது, குடும்பத்திலிருந்து விலகச் சொல்பவரையும், மருந்தை நிறுத்தச் சொல்பவரையும், கேள்வி கேட்பதையே குற்றமாக்குபவரையும் விட்டு உடனே வந்துவிடுங்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்வரை உட்கார வைக்கும் பத்து நாள் மௌன முகாம்களும் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் சிறிய பயிற்சியைக்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

நாற்பதாம் நாள், முதலில் எழுதிய தாளை எடுத்துப் படியுங்கள். ஒளி தெரிந்ததா, உடல் லேசானதா என்பதையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டாம். எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ‘ஏன்’ என்பதற்கான விடை மாறியிருந்தால், புதியதை அதன் கீழேயே தேதியிட்டு எழுதிவிட்டு, இதே பயிற்சியைத் தொடர்வதா வேறொன்றுக்கு மாறுவதா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.