நாயின் காதில் பூச்சியா? கண்டறிவது எப்படி, போக்குவது எப்படி

நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. பின்னங்காலால் காதடியைச் சொறிகிறது, தொட்டால் முனகுகிறது. காதுப் பூச்சியாக இருக்கலாம். குட்டி நாயென்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இது தோலில் கடித்துத் தொங்கும் உண்ணி அல்ல. அதன் மிகச் சிறிய உறவு. ஒட்டோடெக்டிஸ் சைனோடிஸ் என்பது அறிவியல் பெயர். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. காதுக்குள் உதிரும் தோல் துகள்களையும் கசிவையும் தின்று வாழும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய 3 வாரம் ஆகும். இந்த 3 வாரத்தை நினைவில் வையுங்கள்.

முதலில் காது மடலைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காப்பித்தூள் போலக் கருத்து, உதிரியான அழுக்கு திரண்டிருக்கிறதா? வெளியே தெரிவதில் கொஞ்சம் பஞ்சில் தொட்டெடுத்துக் கறுப்புத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியால் பொறுமையாகப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் பூச்சிதான். எதுவும் அசையவில்லை என்பதற்காக இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கருத்த குறும்பியைக் கண்டதும் பூச்சி மருந்தை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட இதே போன்ற அழுக்கை உண்டாக்கும். வளர்ந்த நாய்களில் அவற்றையே அதிகம் காண்கிறோம். அதனால் அடுத்த படி, கால்நடை மருத்துவர். அவர் அழுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பார்; செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார். கிழிந்த செவிப்பறை வழியே மருந்து உள்ளே இறங்கினால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

பிறகு சுத்தம் செய்தல். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் வளைகிறது. குச்சிப் பஞ்சை நுழைத்தால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும். மருத்துவர் தந்த திரவத்தைக் காது நிறைய விட்டு, காதடியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். கையை எடுத்ததும் நாய் உதறும், உதறட்டும். வெளியே வந்த அழுக்கை மட்டும் துடைத்தால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால் எதுவும் வேண்டாம். புண்பட்ட தோலில் எரியும்.

மருந்து பல வகை: கழுத்துப் பின்புறத் தோலில் விடும் செலமெக்டின், வாய்வழி மாத்திரைகள், காதுச் சொட்டு. எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஆபத்தானது என்பதால் மீதமிருக்கும் மருந்தை ஊகத்தில் கொடுக்கக் கூடாது. பல சொட்டு மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. நான்கு நாளில் சொறிவது நின்றதென்று நிறுத்தினால், பொரித்து வருபவை மறுபடி தொடங்கும். அந்த 3 வாரக் கணக்கு இதற்குத்தான்.

வீட்டிலுள்ள மற்ற நாய், பூனைகளுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும். ஆனால் நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்; பெர்மெத்ரின் கலந்ததென்றால் பூனை உயிரிழக்கக்கூடும். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள்.

சிகிச்சையின் நடுவில் காது மடல் தலையணை போல உப்பினால், உதறி உதறி உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. அன்றே மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் நேராவிட்டால், மருந்து முடிந்தபின் ஒருமுறை போய், காதை மறுபடி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.