பழைய இரட்டைக்குழல் துவக்கை வயல்காவலுக்குத் தயார் செய்வது

எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி, மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, காட்டோரம். தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது அரை ஏக்கர் உழுது போட்டது மாதிரிக் கிடக்கும். அதற்காகவே அப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. பர்மிங்காமில் செய்தது, வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வைத்த, பன்னிரண்டு போர் என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல். அவர் படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் அது துணி உறைக்குள்ளேயே கிடந்தது. வாடைக்காற்று மாதங்களில் துணி ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பத்திரம் என் பெயருக்கு மாறி, உறையைக் கழற்றிப் பார்த்தபோது குழல் முழுக்கச் செந்துரு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், முதலில் துவக்கை மடித்து தோட்டா உட்காரும் இரண்டு அறையையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டும் பாருங்கள். வீட்டில் யார் “வெறுந்துவக்குத்தான்” என்று சொன்னாலும் சரி.

துருவுக்கு அரத்தாள் போடவே கூடாது. துரு போகும்தான், ஆனால் குழலின் கருநிறமும் அடியில் குத்தியிருக்கும் முத்திரைகளும் கூடவே போய்விடும். தையல் மெசின் எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு இரவு விடுங்கள். காலையில் பழைய வெண்கலக் காசு ஒன்றின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். நான் எடுத்தது அம்மாவின் பெட்டியில் கிடந்த 1943ஆம் ஆண்டு ஒரு சதம். வெண்கலம் உருக்கைவிட மென்மை, அதனால் துருவை மட்டும் பெயர்க்கும், குழலைக் கீறாது. எண்ணெய் சிவப்புச் சேறாக வரும். துடைத்து, மறுபடி பூசி, மறுபடி சுரண்ட வேண்டும். எனக்கு நான்கு மாலை பிடித்தது. கடைசியில் தெரியும் சிறு குழிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

தோளில் அணைக்கும் மரக் கட்டையின் வேலை எனக்குப் பிடித்த வேலை, நான் தச்சன் என்பதால். பழைய துவக்குகளுக்கு வால்நட் மரம்தான் போடுவார்கள். அப்பாவின் துவக்கில் கன்னம் வைக்கும் இடத்துக்குக் கீழே, வயல் குடிசையான வாடியின் கதவில் அடிபட்ட பள்ளம் ஒன்று இருந்தது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஒரு கணம் அழுத்தி எடுத்தேன். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. நசுங்கிய நார் ஈரமும் சூடும் பட்டு ஊதி மேலே வரும். ஆறு தடவை வைத்தபின் விரல் தடவினால் பள்ளம் தெரியவில்லை. நார் அறுந்த வெட்டுக் காயத்துக்கு இது சரிவராது. மரம் நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயில் சில துளி எடுத்து, உள்ளங்கை சூடாகும்வரை தேயுங்கள். நாளுக்கு ஒரு பூச்சு, பத்து நாள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

துவக்கு இப்போது அழகாக இருக்கும். ஆனாலும் வெடி வைக்காதீர்கள். குழலைக் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு நகத்தால் தட்டிப் பாருங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் இரு குழலையும் சேர்த்த ஈயப்பற்று உறுதி. தட்டையாக ஒலித்தால் விட்டிருக்கிறது. அடியில் கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்ற பர்மிங்காம் முத்திரை இருந்தால், இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த குழல். இல்லையென்றால் கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம், இன்றைய தோட்டாவைத் தாங்காது. இன்னொரு பொறி இருக்கிறது. பழைய அறைகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால். போட்டால் நன்றாகவே உட்காரும், ஏனென்றால் அந்த அளவு வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். உள்ளே விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே விசை, குதிரை, அறை அளவு எல்லாவற்றையும் துவக்குத் திருத்த அனுமதி உள்ள ஒருவரிடம் காட்டிய பிறகுதான் முதல் வெடி.

திரிநாட்திரி (.303) ரைஃபிள் எடுக்கலாமா என்று இளம் பெடியன்கள் கேட்பார்கள். எங்கள் வட்டைக்கு அது ஆகாது. அதன் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும், அதற்குள் எத்தனை வாடி! பெரிய சன்னங்கள் (ஈயக் குண்டுகள்) அடைத்த எஸ்.ஜி. தோட்டா பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும். பரணிலிருந்து முப்பது காலடி எட்டி வைத்து, அந்தத் தூரத்தில் வெள்ளைத் துணி கட்டிய கம்பு நடுவேன். கம்புக்கு இப்பால் வந்தால்தான் வெடி. மேலிருந்து கீழே சுடுவதால் சன்னம் மண்ணுக்குள் இறங்கும். சத்தத்தை நம்பிச் சுடுவதே இல்லை. லைட் அடித்து முழு உருவமும் பன்றி என்று கண்டபிறகுதான். மான், மரை பக்கம் குழல் திரும்பாது. யானைக்குச் சத்தம் போட்டு விரட்டும் யானைவெடி.

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர். தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். அதனால் பன்றி வடக்கு ஓரத்தால் இறங்குகிற எங்கள் வட்டையில் நான் தெற்கு மூலையில் இருப்பேன். உட்காரும் முன் பக்கத்து வாடிகளுக்குக் கூக்குரல் கொடுத்து, பதில் வந்தபிறகே தோட்டா போடுவேன்.

விடிந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலின் உள்ளே எண்ணெய்த் துணி இழுத்து, துவக்கைக் குழல்வாய் கீழே இருக்கும்படி பூட்டிய அலுமாரியில் நிறுத்தி வைக்கிறேன். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி, மரம் மெல்ல மெல்லக் கூழாகிவிடும். துணி உறையை எரித்துவிட்டேன்.