பால் குடிக்கத் திணறுகிற பிஞ்சுக்குக் காதில் கரண்ட்: செய்யக் கூடாத தவறுகள்

மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்குக் காதில் மெல்லிய கரண்ட் கொடுத்துப் பால் குடிக்கப் பழக்குகிறார்களாம் என்ற செய்தி போனுக்குப் போன் சுற்றுகிறது. செய்தி பொய்யில்லை. அதைப் பார்த்துவிட்டு வன்னியில் நம் ஆட்கள் சிலர் யோசிக்கிற விதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அது. 2020இல் வந்த ஆய்வில் இருந்தவை 14 பிள்ளைகள். எல்லாமே வாயால் குடிக்கப் பழகாமல், வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிய கட்டத்துக்கு வந்த பிள்ளைகள். காதுத் துளைக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதல்லவா, அங்கே வேகஸ் நரம்பின் கிளை ஒன்று வந்து சேர்கிறது, அதன் மறு நுனி மூளைத் தண்டில். பிள்ளை உறிஞ்சி விழுங்குகிற நேரத்தில் மட்டும் கரண்ட், பிள்ளை ஓய்ந்தால் அதுவும் ஓயும். 14இல் 8 பிள்ளைகள் வயிற்றுக் குழாய் இல்லாமலே தப்பின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, கரண்ட் கொடுக்காத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அங்கே குடிக்கக் கொடுத்ததும் போத்தலில், மார்பில் இல்லை.

இதைப் படித்துவிட்டு, மெஷின் வந்தால் பிள்ளை தானாகக் குடிக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. உறிஞ்சுகிற வேலை பிள்ளையுடையது, கரண்ட் அந்தப் பழக்கத்தை மூளையில் பதிக்க உதவத்தான். வாயில் ஒன்றும் நடக்காத பிள்ளைக்குக் காதில் என்ன செய்தும் பலனில்லை.

அடுத்தது, நாரிப்பிடிப்புக்கு வைக்கிற கரண்ட் மெஷினை ஒன்லைனில் வாங்கிப் பார்க்கலாமா என்கிற யோசனை. வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். காதுக்கு வருகிற அந்த வேகஸ் நரம்புதான் இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். அதனால்தான் அங்கே இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே, பயிற்சி பெற்றவர்கள் செய்கிறார்கள்.

எனக்கு உண்மையில் மனம் பொறுக்காத தவறு வேறு. பிள்ளைக்கு மூக்குக் குழாயில்தானே பால் போகிறது என்று அம்மா பால் எடுப்பதை விட்டுவிடுவது. பிள்ளை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வார்டில், அம்மா துணுக்காயில் மற்றப் பிள்ளைகளோடு, பஸ்ஸுக்கும் காசு பார்க்க வேண்டும், ஒரு கிழமை இப்படிப் போனால் பால் வற்றிவிடும், பிறகு பிள்ளை குடிக்கப் பழகும்போது மார்பில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும், இரவிலும் ஒரு தடவை. காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருவட்டத்தின் ஓரத்தில் பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே தள்ளி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமத்திவிட வேண்டும். முதல் நாட்களில் கோப்பையின் அடியில் சில சொட்டுத்தான் நிற்கும். அதைப் பார்த்து "பால் இல்லை" என்று அப்பம்மா பால்மா வாங்க ஆள் அனுப்ப வேண்டாம், அந்தச் சொட்டுத்தான் சீம்பால். எடுத்த பாலை வன்னி வெயிலில் பையில் போட்டுக் கொண்டுபோகாமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று வார்டில் கேளுங்கள்.

நாட்களைப் பிறந்த திகதியிலிருந்து எண்ணி அவசரப்படுவதும் தவறு. உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒன்றாக ஓடத் தொடங்குவது, வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து எண்ணுகிற கருவயது 34 வாரமளவில். 30 வாரத்தில் பிறந்த பிள்ளை அந்த வாரத்தைத் தொடும்போது வீட்டில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற நாளே நெருங்கியிருக்கும். அதுவரை மூக்குக் குழாய் தோல்வியில்லை. குழாயில் பால் போகும்போதே, டொக்டர் சம்மதித்தால், பாலை எடுத்துவிட்ட மார்பைச் சப்பக் கொடுங்கள், வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள். கங்காரு முறை என்பது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது ஒரு நாளில் 8 முதல் 24 மணிநேரம். அம்மாவுக்கு முடியாவிட்டால் அப்பாவும் வைத்திருக்கலாம்.

நித்திரையாகக் கிடக்கிற பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, நாடியைப் பிடித்து வாய்க்குள் திணிக்க வேண்டாம். கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையைத் திருப்பித் தேடும், அந்த நேரம் பாருங்கள். கோப்பையால் கொடுக்கச் சொன்னால் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைக் கீழ் உதட்டில் தொட வைத்தால் போதும், பிள்ளை தானாக நக்கி எடுக்கும். வாய்க்குள் ஊற்றினால் சுவாசப்பைக்குப் போகும். கோரோசனை, தேன், ஓமத் தண்ணி, மூக்கில் எண்ணெய், இவை எல்லாவற்றுக்கும் இதே பயம்தான், விழுங்கவே திணறுகிற பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக. தேன் எந்தப் பிள்ளைக்கும் ஒரு வயது வரை ஆகாது. அம்மம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, பால் குடிக்கும்போது உதடு நீலமானால், மூச்சை நிறுத்தி நிறுத்தி எடுத்தால், எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூத்திரம் போவது குறைந்தால், குடும்பநல மருத்துவிச்சி வரும் நாள் வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்குப் போன் எடுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.